தடை அடிக்கணக்கில் இருக்கிறது: ரிச்மண்ட் நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ரிச்மண்ட் நகர மன்றத்தின் ஒன்பது உறுப்பினர்கள், நகரத் திட்டக் குழுவினர், ஜிஆர்டிசி பேருந்து நிறுவனத்தின் இயக்குநர்கள்
ரிச்மண்ட், வெர்ஜீனியா

மதிப்புக்குரியவர்களே,

1976இல் எழுதிய நில மண்டலச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் எழுதும் வேலையை நகரம் கையில் எடுத்திருக்கிறது. எந்த மனையில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரம், தெருவிலிருந்து எவ்வளவு தள்ளி என்று சொல்லும் இந்த ஸோனிங் சட்டத்தைப் பற்றிய கூட்டங்களில் சண்டையெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது: மனைக்கு ஒரு வீடா, இரண்டா, மூன்றா? அந்த எண் முக்கியம்தான். ஆனால் வீட்டு வரைபடங்களோடும் பேருந்து அட்டவணைகளோடும் புழங்குகிற எங்களுக்குத் தெரிந்தவரை, வீடு எழும்புவதையும் எழும்பாததையும் அந்த எண் தீர்மானிப்பதில்லை. மனையின் அகலம், படிக்கட்டு தின்னும் இடம், கழிவுநீர்க் குழாயின் சரிவு, பேருந்து நிறுத்தத்தில் இருக்கிற நான்கு பேர் நிற்கும் கான்கிரீட்டின் அளவு, இவைதான் தீர்மானிக்கின்றன. சட்டத்தின் முதல் பக்கத்தில் கொடுத்த அனுமதியை நாற்பதாம் பக்கத்து அட்டவணையில் இருக்கும் ஓர் அளவு பறித்துக்கொண்டுவிடும். இந்த மடல் அந்த நாற்பதாம் பக்கத்தைப் பற்றியது.

முதலில், எல்லாக் கூட்டத்திலும் எழுகிற ஒரு குரலுக்குப் பதில் சொல்லிவிடுகிறோம். "ஊர் ஏற்கெனவே நிரம்பிவிட்டது" என்கிறார்கள். 1950 கணக்கெடுப்பில் ரிச்மண்டில் 2,30,310 பேர் இருந்தார்கள். 2020இல் 2,26,610 பேர். நடுவில், 1970இல், பக்கத்து செஸ்டர்ஃபீல்டு கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 23 சதுர மைல் நிலம் நகரத்தோடு சேர்க்கப்பட்டது. ஆக, அன்று சுமார் 40 சதுர மைலில் வாழ்ந்த கூட்டத்தைவிடச் சற்றுக் குறைந்த கூட்டம் இன்று 60 சதுர மைலில் வாழ்கிறது. மாறியது குடும்பத்தின் அளவு. அன்று ஒரு கூரையின்கீழ் சராசரியாக மூன்று பேருக்கு மேல் இருந்தார்கள். இன்று இரண்டரைப் பேர்கூட இல்லை. அதே எண்ணிக்கை மக்களுக்கு இன்று அதிகக் கதவுகள் தேவை. 2023 ஏப்ரலில் வீட்டு நெருக்கடி என்று நீங்களே தீர்மானம் போட்டீர்கள். அதன் வேர்களில் ஒன்று இந்தக் கணக்கு.

ஊரின் பழைய பகுதிகள் எப்படி உருவாயின என்பதையும் மறந்துவிட்டோம். 1888 பிப்ரவரியில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் இங்கேதான் மின்சார டிராம் வண்டிகளை ஓடவிட்டார்; பெரிய அளவில் வெற்றிகரமாக ஓடிய முதல் மின் டிராம் அமைப்பு என்று வரலாறு சொல்வது ரிச்மண்டைத்தான். தண்டவாளம் முன்னே போனது, மனைகள் பின்னே வந்தன. டிராமில் இறங்கி நடந்து வீடு சேர வேண்டும் என்பதால் மனைகள் குறுகலாக அமைந்தன. 1949 நவம்பரில் கடைசி டிராம் ஓடி முடிந்தது. குறுகல் மனைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஃபேன், சர்ச் ஹில், ஜாக்சன் வார்ட் ஆகிய பகுதிகளில் 20 அடி, 25 அடி அகல மனைகளில் நிற்கும் வீடுகளைத்தான் வெளியூர்க்காரர்களுக்குப் பெருமையாகக் காட்டுகிறோம்.

இப்போது 1976 சட்டத்தின் ஆர்-5 மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச மனை 6,000 சதுர அடி, குறைந்தபட்ச அகலம் 50 அடி, பக்கவாட்டில் ஐந்தைந்து அடி, மனைக்கு ஒரு வீடு. நாம் பெருமையாகக் காட்டும் அந்த வீட்டை இந்த விதியின்கீழ் கட்ட முடியாது. 50 அடி மனையை இரண்டு 25 அடி மனையாகப் பிரிக்கவும் முடியாது. கட்ட விரும்புகிறவர் சிறப்புப் பயன்பாட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்: அலுவலர் ஆய்வு, அக்கம்பக்கத்துச் சங்கத்தின் கருத்து, திட்டக் குழுவின் பொது விசாரணை, பிறகு உங்கள் வாக்கெடுப்பு. மாதக்கணக்கில் ஆகும். அந்தக் காலம் முழுவதும் நிலக்கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அனுமதி கிடைத்தாலும் அது அந்த ஒரு மனைக்கான தனிச் சட்டம். பின்னால் ஜன்னலை நகர்த்துவதென்றாலும், திண்ணையைக் கொஞ்சம் நீட்டுவதென்றாலும், வரைபடத்தோடு ஒட்டாவிட்டால் சட்டத்தைத் திருத்த மறுபடி உங்களிடம் வர வேண்டும். இந்த அலைச்சலைப் பெரிய நிறுவனம் தாங்கும். இரண்டு வீடு கட்டி ஒன்றில் தான் குடியிருந்து மற்றதை வாடகைக்கு விட நினைப்பவர் தாங்கமாட்டார். சிறு வீடுகளைச் சிறு ஆட்கள் கட்டாமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே புதிய சட்டத்தில் மனைக்கு எத்தனை வீடு என்று எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். குறைந்தபட்ச அகலத்தை 50இலிருந்து 40ஆகக் குறைத்தால் தாராளம் போலத் தெரியும், ஆனால் பயன் ஒன்றுமில்லை. ஊரில் இருக்கும் மனைகளோ பெரும்பாலும் 50 அடியின் மடங்குகளும் பாதிகளும். 50ஐ இரண்டாக வகுத்தால் 25தான் வரும். 30 அடி என்று எழுதினாலும் அதே கதை. 25 அல்லது அதற்கும் கீழே எழுதினால்தான் ஒரு மனை இரண்டாகும். அதோடு, ஒவ்வொரு மனைக்கும் பொதுத் தெருவில் முகப்பு வேண்டும் என்ற நிபந்தனையை, பின்பக்கச் சந்துப் பக்கம் பார்த்து நிற்கும் வீடுகளுக்காகத் தளர்த்த வேண்டும். முன்வீட்டையும் பின்வீட்டையும் தனித்தனியாக விற்க முடிந்தால் ஒரே வங்கிக் கடனில் இரண்டையும் சுமக்க வேண்டியதில்லை.

மூன்று வீட்டு விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் நல்லெண்ணம் அதிகமாக வீணாகிறது. மனைக்கு மூன்று வீடு என்று நீங்கள் அனுமதித்தாலும், கட்டடத்தைக் கட்டுவது இன்னொரு சட்டத்தின்படி. வெர்ஜீனியாவில் கட்டட விதித்தொகுப்பு மாநிலம் முழுவதற்கும் ஒன்று. நகர மன்றம் அதில் கைவைக்க முடியாது. அந்தத் தொகுப்பில் ஒரு வீடும் இரட்டை வீடும் எளிய குடியிருப்பு விதியின்கீழ் வருகின்றன. அடித்தளத்திலிருந்து கூரைவரை தனித்தனியாக நிற்கும் வரிசை வீடுகளும், மூன்று மாடிவரை, அதே விதியின்கீழ்தான். ஆனால் மூன்று வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அந்தச் சின்னக் கட்டடம் பெரிய அடுக்குமாடிக்கான வணிக விதிக்குள் போய் விழுகிறது. தளங்களுக்கிடையே கூடுதல் தீத்தடுப்பு, வெளியேறும் வழிக்கான தனி அளவுகள், பல நேரங்களில் தண்ணீர்த் தெளிப்பான், அதற்காகப் பெரிய தண்ணீர் இணைப்பு என்று செலவு படியேறும். முப்பது வீட்டுக் கட்டடத்தில் இந்தச் செலவு பங்கிட்டுக் கரைந்துவிடும். மூன்று வீட்டில் கரையாது.

அப்படியானால் பக்கவாட்டில் மூன்று வரிசை வீடாகக் கட்டலாமே என்று கேட்கலாம். 50 அடி மனையில் இரண்டு பக்கமும் 5 அடி விட்டால் மிஞ்சுவது 40 அடி. ஒரு வீட்டுக்கு 13 அடி 4 அங்குலம். சுவர்த் தடிமனும் மாடிப்படியும் போனால் உள்ளே கட்டிலைத் திருப்பிப் போட இடமிருக்காது. பக்கவாட்டு இடைவெளியை 3 அடியாக்கினால் 44 அடி, வீட்டுக்கு 14 அடி 8 அங்குலம். 16 அங்குலம்தான் கூடுகிறது, ஆனால் வரைபடம் அங்கேதான் உயிர்பெறுகிறது. தெரு முனை மனையில் தெருப் பக்கத்து இடைவெளியையும் குறைத்தால் இன்னும் நல்லது. இது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட அளவு, மாநிலத்தைக் கேட்க வேண்டியதில்லை.

மாநிலத்தைக் கேட்க வேண்டியது படிக்கட்டு பற்றி. இங்கே பின்பற்றப்படும் சர்வதேசக் கட்டட விதியின் அடிப்படை வடிவம், மூன்று மாடிவரை, மாடிக்கு நான்கு வீடுவரை, கதவை அடைய நடக்கும் தூரம் 125 அடிக்குள் இருந்தால் ஒரே படிக்கட்டு போதும் என்கிறது. நான்காவது மாடி வந்ததும் இரண்டு படிக்கட்டும் அவற்றை இணைக்கும் நடையும் கட்டாயம். ஒரு படிக்கட்டு தளத்துக்கு ஏறத்தாழ 160 சதுர அடி. 5 அடி அகலத்தில் 50 அடி நீள நடை 250 சதுர அடி. இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொரு தளத்திலும் ஒரு சிறிய வீட்டின் இடம் போய்விடுகிறது. நடுவில் நடை ஓடுவதால் எல்லா வீட்டுக்கும் ஒரே பக்கம்தான் ஜன்னல்; குறுக்குக் காற்று கிடையாது, மூன்று படுக்கையறை வீடு அமைவதும் அரிது. சியாட்டில் நகரம் தெளிப்பான் முதலிய நிபந்தனைகளோடு ஆறு மாடிவரை ஒற்றைப் படிக்கட்டை அனுமதிக்கிறது. வெர்ஜீனியா சட்டமன்றமும் 2024இல் இதை ஆராய ஓர் ஆலோசனைக் குழுவைக் கூட்டச் சொன்னது. உங்கள் தீயணைப்புத் துறையை எதிர்த்தரப்பில் நிற்கவைக்காமல், எந்த நிபந்தனையோடு ஒப்புக்கொள்வார்கள் என்று இப்போதே எழுதி வாங்கி மாநிலத்துக்கு அனுப்புங்கள்.

கொல்லைப்புறத்துச் சிறு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பரில் எல்லாக் குடியிருப்பு மண்டலங்களிலும் அதற்கு அனுமதி கொடுத்தீர்கள், நல்ல முடிவு. ஆனால் கொல்லையில் வீடு கட்ட நினைப்பவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் குழாய்தான். நான்கு அங்குலக் கழிவுநீர்க் குழாய் அடிக்குக் குறைந்தது எட்டில் ஒரு பங்கு அங்குலம் சரிய வேண்டும். நல்ல வேலைக்காரர் கால் அங்குலம் வைப்பார். கொல்லையிலிருந்து தெருவரை 80 அடி என்றால் 10 முதல் 20 அங்குலம் இறக்கம் வேண்டும். நிலம் தெருவிலிருந்து பின்னோக்கிச் சரிந்திருந்தாலோ, தெருக் குழாய் ஆழமில்லாமல் இருந்தாலோ, கழிவை அரைத்து மேலே தள்ளும் பம்பு வைக்க வேண்டும்; மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். அடுத்தது தீயணைப்பு வண்டி. வண்டி நிற்கும் சாலையிலிருந்து கட்டடத்தின் கடைசி மூலைவரை குழாய் 150 அடிக்குள் எட்ட வேண்டும் என்பது பரவலாக உள்ள விதி. முன்வீட்டைச் சுற்றிப் போகும் பாதையை அளந்தால், 130 அடி நீள மனையில்கூட இது இடிக்கலாம். இவற்றை விண்ணப்பம் போட்டுப் பணம் கட்டிய பிறகு சொல்வதால் என்ன பயன்? தெருக் குழாயின் ஆழத்தையும் சந்தின் அகலத்தையும் மனைவாரியாக வரைபடத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்தால், முடியாத மனைக்காரர் முதல் நாளே விலகிக்கொள்வார், முடிந்தவர் துணிவார்.

கழிவுநீர் என்றதும் இன்னொரு ஆட்சேபம் வரும்: பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவும் ஒரே குழாயில் ஓடுகின்றன, பெருமழையில் ஜேம்ஸ் ஆற்றில் வழிகின்றன, இதில் இன்னும் வீடுகளா? வழிவது உண்மை. 2035 ஜூலைக்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும் என்று மாநிலச் சட்டமே கெடு வைத்திருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஓர் அங்குல மழை 3,000 சதுர அடிக் கூரையிலும் கான்கிரீட்டிலும் விழுந்தால் 250 கன அடி, ஏறத்தாழ 1,870 கேலன் தண்ணீர், ஓரிரு மணி நேரத்தில் குழாய்க்குள் பாய்கிறது. கொல்லை வீட்டில் வாழும் இரண்டு பேர் நாள் முழுவதும் வெளியேற்றுவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆற்றை நிரப்புவது கழிப்பறையைவிடக் கார் நிறுத்தும் தளம்தான். வீட்டின் எண்ணிக்கையை வெட்டாதீர்கள். தண்ணீர் ஊறாத தரையின் பரப்புக்கு உச்சவரம்பு வையுங்கள்.

கார் நிறுத்தம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2023 ஏப்ரலில் கட்டாய நிறுத்துமிட விதியை ஊர் முழுவதும் ஒருமனதாக நீக்கினீர்கள். ஒரு காருக்கு 9 அடிக்கு 18 அடி இடம், அதற்கு வந்துபோகும் பாதையின் பங்கு எல்லாம் சேர்த்து 325 சதுர அடி பிடிக்கும். மனிதர் வாழும் அறையைவிடப் பெரிது! கடன் கொடுக்கும் வங்கிகள் இன்னும் நிறுத்துமிடம் கேட்கின்றன, அது உங்கள் கையில் இல்லை. ஆனால் நடந்தோ பேருந்திலோ போய்வர முடிகிற இடத்தில் வங்கியே அந்தக் கேள்வியை மெல்லக் கைவிடும். அதனால் பேருந்துக்கு வருகிறோம்.

பிராட் தெருவில் ஓடும் பல்ஸ் விரைவுப் பேருந்து 2018 ஜூன் 24 அன்று தொடங்கியது. வில்லோ லானிலிருந்து ராக்கெட்ஸ் லேண்டிங் வரை 7.6 மைல், அதில் 3.2 மைலில் தனித்தடம். நாளொன்றுக்கு 3,500 பேர் ஏறுவார்கள் என்று போட்ட கணக்கை அது விரைவிலேயே தாண்டியது. ஆனால் மீதி 4.4 மைலில் அது மற்ற வண்டிகளோடு வரிசையில் நிற்கிறது. இதன் விலையைப் பேருந்து ஓட்டாதவர்களுக்கும் புரியும்படி சொல்கிறோம். போய் வந்து, ஓட்டுநர் மூச்சுவிடும் நேரத்தையும் சேர்த்து, ஒரு சுற்று 90 நிமிடம் என்று வையுங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி வேண்டுமானால் 9 வண்டிகள். நெரிசலால் போகும்போது 5 நிமிடம், வரும்போது 5 நிமிடம் கூடினால் சுற்று 100 நிமிடம். அதே சேவைக்கு 10 வண்டிகள். அந்தப் பத்தாவது வண்டி ஒரு பயணியைக்கூடப் புதிதாகக் கொண்டுவருவதில்லை. நெரிசலில் தொலைந்த நேரத்தை ஈடுகட்ட மட்டும் ஓடுகிறது. நாளைக்கு 20 மணி நேரம், வாரத்துக்கு 140 மணி நேரம் என்றால் விடுப்பையும் சேர்த்து அதற்கு நான்கு ஓட்டுநர்கள் வேண்டும். தனித்தடத்துக்கு ஒருமுறை செய்யும் செலவைத் தயங்கித் தயங்கி ஒத்திப்போட்டு, நான்கு சம்பளத்தை ஆண்டாண்டாகக் கொடுத்துக்கொண்டிருப்பது சிக்கனமில்லை. மேற்கே பர்ஹம் சாலைவரை நீட்டும் திட்டத்திலும், வடக்கு-தெற்காகத் திட்டமிடும் இரண்டாவது பல்ஸ் தடத்திலும், "தனித்தடம் பிறகு பார்க்கலாம்" என்ற வாசகம் நுழைய விடாதீர்கள். நகர மையத்தில் சாலை ஓரத் தடத்தில் சாமான் இறக்கும் வண்டி இரண்டு நிமிடம் நின்றால் பின்னால் வரும் வண்டிகள் சேர்ந்து கொத்தாக வரும். பேருந்துத் தடத்துக்குச் சிவப்பு வண்ணம் அடித்தது உதவுகிறது. பக்கத்துத் தெருவில் சாமான் இறக்க இடம் ஒதுக்கினால் இன்னும் உதவும். வண்டி நிற்க வேறு இடம் கொடுக்காமல் அபராதம் மட்டும் போட்டால் ஓட்டுநர் அபராதத்தை வாடகையாக நினைத்துக் கட்டிவிட்டுப் போவார்.

சாதாரணத் தடங்களில் நேரத்தைத் தின்பது நிறுத்தங்களின் நெருக்கம். வேகம் குறைத்து, கதவு திறந்து, மீண்டும் ஓட்டத்தில் சேர்வதற்கு ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சுமார் 20 விநாடி. 5 மைல் தடத்தில் 700 அடிக்கு ஒரு நிறுத்தம் என்றால் 38 நிறுத்தங்கள். கால் மைலுக்கு ஒன்று என்றால் 20. நீக்கிய பதினெட்டில் பத்தில்தான் வண்டி உண்மையில் நின்றிருக்கும் என்றாலும், போக வர ஆறேழு நிமிடம் மிச்சம். நிறுத்தத்தை எடுத்தால் திட்டு விழும், தெரியும். எடுக்கும் நிறுத்தத்துக்கு ஈடாக மிஞ்சுகிற நிறுத்தத்தில் கூரையும் பெஞ்சும் வந்த பிறகு எடுங்கள். வரிசை மாறினால் காரியம் நடக்காது. முதியோர் விடுதி, மருத்துவமனை வாசல்களில் கைவைக்க வேண்டாம்.

இலவசப் பயணம் 2020 மார்ச்சில் தொடங்கி இன்றுவரை தொடர்கிறது. அதற்கு முன் கட்டணம் ஒன்றரை டாலர். ஒவ்வொருவரும் காசு போடவோ அட்டை காட்டவோ ஆகும் மூன்று நான்கு விநாடி மிச்சமாவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. இதைத் தொடர வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் இலவசத்துக்கும் அடிக்கடி ஓடும் சேவைக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால், மணிக்கு ஒருமுறை வரும் இலவச வண்டியால் யாரும் வேலைக்கு நேரத்துக்குப் போக முடியாது என்பதை மறக்கக் கூடாது.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்தக் கான்கிரீட். நிறுத்தத்தில் சக்கர நாற்காலி இறங்க, சாலை ஓரமாக 5 அடியும் சாலையிலிருந்து உள்நோக்கி 8 அடியும் கொண்ட கெட்டித் தளம் வேண்டும். குறுக்குச் சரிவு 48க்கு 1ஐத் தாண்டக் கூடாது. அது நடைபாதையோடு சேர வேண்டும். 40 சதுர அடி, 4 அங்குலத் தடிமன்: அரை கன கெஜம் கான்கிரீட். ஒரு காலைப் பொழுது வேலை. ஆனால் இதற்கு ஆண்டுகள் ஆவது ஏன்? சாலை விளிம்புக்குப் பின்னே பொது நிலம் 5 அடிதான் இருக்கும், மீதி 3 அடிக்குத் தனியாரிடம் உரிமை வாங்க வேண்டும். இல்லையென்றால் நட்டநடுவே மின்கம்பம் நிற்கும். 1970இல் சேர்த்த தென்பகுதியில் பல சாலைகளுக்கு விளிம்புக்கல்லே கிடையாது, திறந்த வாய்க்கால்தான். முதலில் குழாய் பதித்து மூட வேண்டும், அதற்கு வடிகால் கணக்கு வேண்டும். அதற்கும் மேலே, சாலை யாருடையது என்ற கேள்வி. நகருக்குள் உங்கள் பொதுப்பணித் துறை. செஸ்டர்ஃபீல்டில் மாநிலப் போக்குவரத்துத் துறை. இன்னொரு பக்கத்துக் கவுண்டியான ஹென்ரைக்கோ தன் சாலைகளைத் தானே பராமரிக்கிறது. வெர்ஜீனியாவில் அப்படிச் செய்யும் கவுண்டிகள் அதுவும் ஆர்லிங்டனும் மட்டுமே. ஒரே தடத்தில் ஓடும் ஒரே பேருந்துக்கு மூன்று வகை அனுமதிப் படிவம். மூவரும் ஒரே நிலையான வரைபடத்துக்கு ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பொறியாளர் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். 2020இல் மாநிலச் சட்டமன்றம் உருவாக்கிய மத்திய வெர்ஜீனியா போக்குவரத்து ஆணையம் 0.7 சதவீத விற்பனை வரியும், தொடங்கியபோது கேலனுக்கு 7.6 சென்ட் பெட்ரோல் வரியும் வசூலிக்கிறது. அதில் 35 சதவீதம் வட்டாரத் திட்டங்களுக்கு, 15 சதவீதம் ஜிஆர்டிசிக்கு, 50 சதவீதம் அந்தந்த நகரத்துக்கும் கவுண்டிக்கும். பேருந்துக்கு 15தான் என்று புலம்புகிறவர்கள் இந்த 50ஐக் கவனிப்பதில்லை. அந்தப் பங்கில் ஒரு நிலையான அளவை, 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது பேருந்து ஓடும் தடங்களிலிருந்து கால் மைலுக்குள் நடைபாதை போட என்று ஒதுக்குங்கள். ஹல் தெருவிலும் மிட்லோத்தியன் சாலையிலும் தொடங்குங்கள். அங்கே பேருந்தை நம்பி வாழ்கிறவர்கள் அதிகம். நடக்கப் பாதைதான் இல்லை.

மலிவான வீடு குறித்து ஓர் எச்சரிக்கை. டில்லன் விதியால் மாநிலம் கொடுக்காத அதிகாரம் உங்களுக்கு இல்லை. வாடகைக்கு உச்சவரம்பு வைக்கவும் முடியாது. கையில் இருப்பது ஊக்கம் மட்டும். கூடுதல் மாடி தருகிறோம், பதிலுக்குச் சில வீடுகளைக் குறைந்த வாடகைக்குக் கொடு என்ற பேரம் காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் கட்டுமானக்காரர் பெரும்பாலும் கான்கிரீட் தளத்தின்மேல் ஐந்து மாடி மரச்சட்டத்தோடு, அதாவது ஆறு ஏழு மாடியோடு, நிறுத்திக்கொள்கிறார். அதற்கு மேலே போனால் இரும்போ கான்கிரீட்டோ வேண்டும், உயர்கட்டட விதிகளும் வந்து சேரும். சதுர அடிச் செலவு திடீரென்று ஏறும். பிராட் தெருவை ஒட்டிய மண்டலத்தில் ஏற்கெனவே 12 மாடி அனுமதி உண்டு. அங்கே பதின்மூன்றாவது மாடியைப் பரிசாக நீட்டினால் யாரும் கை நீட்டமாட்டார்கள். வேலை செய்யும் ஊக்கங்கள் வேறு: விரைவான அனுமதி, இணைப்புக் கட்டணத் தள்ளுபடி, கூடுகிற சொத்து வரியைத் திருப்பித் தருவது. கடைசியாகச் சொன்னதை நீங்களே செய்துவருகிறீர்கள். அதை 20 வீட்டுக்குக் கீழுள்ள கட்டடங்களுக்கும் எட்டும்படி, வழக்கறிஞர் துணை இல்லாமல் நிரப்பக்கூடிய படிவமாக மாற்றுங்கள். இதில் தாமதம் ஆகாது: 2016இல் நாட்டின் பெரிய நகரங்களில் வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றும் விகிதத்தில் இரண்டாம் இடம், நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல், பிடித்த ஊர் இது.

அரசு வாடகைக் குடியிருப்பான கில்பின் கோர்ட்டின் 781 வீடுகளைப் பற்றி ஒன்றே ஒன்று. 1958இல் திறந்த நெடுஞ்சாலை ஜாக்சன் வார்டை இரண்டாக வெட்டி அந்தக் குடியிருப்பை வடக்கே ஒதுக்கியது. இப்போது இடித்துக் கட்டும் பேச்சு நடக்கிறது. மாற்று வீட்டின் சாவி கைக்கு வந்த பிறகே பழைய கதவை மூட வேண்டும்; மாற்று வீடு அதே அளவு அடிக்கடி ஓடும் பேருந்துத் தடத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுத எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் ஹென்ரைக்கோ கவுண்டியின் ஷார்ட் பம்ப், கிளென் ஆலன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். "அது சிட்டி விவகாரம், நமக்கென்ன" என்று இருந்துவிடுகிறோம். வெர்ஜீனியாவில் நகரமும் கவுண்டியும் தனித்தனி அரசுகள் என்பதால் நகர மன்றத்துக்கு நாம் வாக்களிக்க முடியாது என்பது சரி. ஆனால் அந்த 0.7 சதவீத விற்பனை வரியைக் கடை ரசீதுகளில் நாமும் கட்டுகிறோம். 19ஆம் எண் பேருந்து 2018 செப்டம்பரிலிருந்து ஷார்ட் பம்ப் வரை வருகிறது. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அப்பா அம்மாவால் கார் ஓட்ட முடியாது. பிள்ளைகள் வேலைக்குப் போனதும் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறார்கள். அவர்களையும் அந்தப் பேருந்தையும் பிரிப்பது பல இடங்களில் 300 அடி நடைபாதையும், பிராட் தெருவைக் கடக்க ஒரு பாதசாரி சிக்னலும்தான். ஹென்ரைக்கோ கவுண்டி மேற்பார்வையாளர்கள் கூட்டத்தில் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. எந்த நிறுத்தம், எந்த முனை, எத்தனை அடி என்று அளந்து கொண்டுபோனால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மன்ற உறுப்பினர்களே, புதிய சட்டத்துக்கு வாக்களிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஒன்பது தொகுதிகளிலும் தொகுதிக்கு இரண்டு என்று பதினெட்டு உண்மையான மனைகளை எடுங்கள்: ஒரு 25 அடி மனை, ஒரு தெரு முனை மனை, சரிவான கொல்லை ஒன்று, சந்து இல்லாத மனை ஒன்று என்று கலந்து. புதிய விதி அனுமதிப்பதாகச் சொல்லும் வீடுகளை அந்த மனைகளில் அடிக்கணக்கோடு வரையச் சொல்லுங்கள். படிக்கட்டு, குழாய்ச் சரிவு, தீயணைப்பு வண்டியின் எட்டம், அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் பாதை எல்லாம் அதில் இருக்கட்டும். வரைய முடியாமல் போன மனைகளின் பட்டியலை, எந்த விதி எத்தனை அடியில் தடுத்தது என்ற குறிப்போடு, பொது விசாரணைக்கு இரண்டு வாரம் முன்பே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ரிச்மண்ட் வட்டாரத்தில் கட்டட வரைபடமும் பேருந்து அட்டவணையும் பார்க்கிற சில தமிழர்கள்